அப்டேட் செய்யாத தாய்மாமன்

கூச்ச சுபாவம் உள்ளவன் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் கம்ப்யூட்டர்தான். 'புதுப்பிக்கட்டுமா?' என்று அது கேட்கும்போதெல்லாம் 'பிறகு' என்று இரண்டு வருடம் அழுத்தினேன். (மனிதர்கள் கேட்டிருந்தால் அன்றே தலையாட்டியிருப்பேன்.)

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துவிட்டு, அரியலூரில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவன் நான். ஒருநாள் காலை, தெரியாத எண்ணிலிருந்து கடைக்கு 'கல்யாணப் பத்திரிகை' என்ற பெயரில் சுருக்கிய (ஜிப்) கோப்பு ஒன்று வந்தது. எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைப்பவரிடம் "நீங்க யாரு?" என்று கேட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. எந்தப் பங்காளியோ என்று பயந்து திறந்துவிட்டேன். உள்ளே மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. பத்தே நிமிடத்தில் கடையின் டிசைன்கள் அத்தனையும் பூட்டிக்கொண்டன. மறுநாள் செந்துறையில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. அந்தப் பேனரும் அதில்தான் இருந்தது.

பழுது பார்க்க வந்த செல்வம், சுருக்கிய கோப்பைப் பிரிக்கும் பழைய மென்பொருளில் ஓட்டை என்றார். வருவது எவ்வளவு என்று அளக்காமலே நினைவகத்தில் இறக்கிவிடுமாம். நான் விழித்ததைப் பார்த்து இறங்கி வந்தார்.

"மூணு பேர் சீட்டுல ஏழு பேரை ஏத்துனா என்னண்ணே ஆவும்? கடைசி ஆளு டிரைவர் மடியில உக்காருவான். அவன் திருடனா இருந்தா ஸ்டியரிங் அவன் கையில. இதைச் சரிபண்ணித்தான் அப்டேட் விட்டாங்க. நீங்க பிறகு பிறகுன்னு அழுத்திட்டீங்க."

பூட்டியதைத் திறக்க முடியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, புதிதாக ஏற்றிக் கொடுத்தார். பேனரில் ஒரு பெயர் விட்டுப்போனாலும் பந்தியில் சண்டை நிச்சயம். தங்கைக்குப் போன் போட்டேன். அவள் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, மாலைக்குள் அறுபத்து மூன்று பெயரையும் அடித்து அச்சுக்கு அனுப்பினேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல.

காலையில் மண்டப வாசலில் பேனர் பளபளத்தது. சமையல்காரர் பெயர்கூட இருந்தது. தங்கை மாப்பிள்ளையின் அக்கா அதை நிதானமாகப் படித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "தாய்மாமன் பேரையே காணுமே, புள்ளைய யாரு மடியில வச்சுக் குத்தப் போறீங்க?" என்றார்.

தாய்மாமன் நான்தான்.

ஏன் சொல்லவில்லை என்று தங்கையைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒன் பேரையும் நானே சொல்லணுமாண்ணே?" என்றாள்.

இப்போது எந்த அப்டேட் வந்தாலும் முதல் ஆளாக அழுத்துகிறேன். பக்கத்துக் கடைகளுக்கும் போய் அழுத்திவிட்டு வருகிறேன். ஆனாலும் இத்தனை வருடம் கழித்தும் தங்கை வீட்டுக்குப் போன் செய்தால், அன்று காது குத்திக்கொண்டு இப்போது ஆறாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண்தான் எடுக்கிறாள். எடுத்ததும் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறாள்: "அம்மா, பேனர்ல இல்லாத மாமா பேசுறாங்க."