சம்பளம் வாங்காத அதிபர்

கனடாவில் பிரெஞ்சு பேசும் நகரம் ஒன்றில் இருந்த எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு அதிபர்கள், அதாவது தலைமை ஆசிரியர்கள். உலகத்தில் வேறெந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்திருக்காது. ஒருவர் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு அலுவலக அறையில் இருப்பார். மற்றவர் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார். எல் சல்வடோர் நாட்டுக்காரி, தையல் ஃபாக்டரியில் வேலை. பள்ளிக்கூடம் நடுங்கியது இரண்டாமவருக்குத்தான்! 'அதிபர்' என்று பட்டம் வைத்தது எங்கள் தமிழாக்கள். சொந்தப் பெயரைக் கேட்க ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் அவர் எங்களை எங்கேயாவது இழுத்துக்கொண்டு போயிருப்பார்.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் எங்கள் தெருவில் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் நிறைய. பெற்றோர் கூட்டம் என்று பள்ளிக்கூடம் கடிதத்துக்கு மேல் கடிதம் அனுப்பும். ஒரு ஈ காக்காகூடப் போகாது. அவர்களைப் பிழை சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் தாய் தகப்பனைக் கூப்பிட்டால் பிள்ளை எதையோ உடைத்துவிட்டது என்றுதான் அவர்கள் ஊரிலும் அர்த்தம், எங்கள் ஊரிலும் அர்த்தம்.

அதிபர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கூட்டம் உள்ள நாளில் பின்னேரம் சட்டி மூடியையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு படியிறங்குவார். டணார், டணார்! ஒவ்வொரு கதவாக, ஒவ்வொரு கட்டடமாக. பெரு நாட்டுக்காரர் ஒருவர் பாத்ரூமுக்குள் ஓடிப்போய்ப் பூட்டிக்கொண்டார். அதிபர் அவசரப்படவில்லை. குசினியில் உட்கார்ந்து அந்த மனிதருடைய சோற்றையும் கோழியையும் ஆற அமரச் சாப்பிடத் தொடங்கினார். இரண்டாவது கோழிக்காலும் போகிறது என்று மனைவி கத்தியதும் மனிதர் வெளியே பாய்ந்து வந்தார்.

மெக்சிக்கோக்காரி ஒருத்தி, "கைக்குழந்தையை ஆர் பார்க்கிறது?" என்று கேட்டாள். "அதுக்கு ஆள் இருக்கு, வா" என்று கூட்டிக்கொண்டு போய், வாசலில் வரவேற்க நின்ற உண்மையான அதிபரின் கையில் குழந்தையை வைத்துவிட்டார்! அந்த மனிதர் அன்றைய பேச்சு முழுவதையும் ஆடி ஆடியே பேசி முடித்தார். குழந்தை தூங்கிவிட்டது. பின்வரிசையில் வேறு சிலரும்தான்.

ஸ்பானிஷ் வீடுகள் முடிந்ததும் எங்கள் கதவு தட்டப்பட்டது. அவருடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் ஒரே வகுப்பில் ஃபெயிலானவை. ஆனபடியால் ஒருவர் பேச்சு மற்றவருக்கு நன்றாக விளங்கும். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழும்.

"நாங்கள் ஸ்பானிஷ் இல்லையே, மேடம்."

"பிள்ளை இருக்கோ இல்லையோ?"

"இருக்கு."

"அப்ப சப்பாத்தைப் போடும்!"

"எனக்கு வடிவாப் பிரெஞ்சு வராது..."

"எனக்கு மட்டும் வருதோ? நான் கத்திறன். நீர் பக்கத்தில நிண்டு தலையாட்டும், காணும்."

ஒரு வருடம் தலையாட்டினேன்.

அடுத்த மார்கழியில் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டாம் வகுப்பில் இருந்த என் மகள் வாயே திறப்பதில்லையாம். மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்கான தனி வகுப்புக்கு, வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்ற வேண்டுமாம். கீழே கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தது. மனைவி அழுதாள். நான் பேனையை எடுத்தேன். ரீச்சர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் இல்லை என்று வளர்ந்தவன் நான்.

அந்த நேரம் பார்த்து அதிபர் உள்ளே வந்தார். கடிதத்தைக் கண்டார். பறித்தார். சோஃபாவில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்!

"எழும்புங்கோ மேடம், நாளைக்குக் குடுக்கவேணும்."

"எழும்பமாட்டன். நாளைக்குப் பள்ளிக்கூடம் வாறன் எண்டு சொல்லும்."

முக்கால் மணித்தியாலம் இருந்தார். மனைவி கொடுத்த தேத்தண்ணியையும் அதன் மேல் இருந்தபடியே குடித்தார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"என்ரை மூத்தவனுக்கும் இதே கடிதம் வந்தது, தம்பி. ரீச்சர் கேக்கிறா எண்டு உடனே கையெழுத்து வைச்சன். நன்றியும் சொன்னன்! அவன் மொக்கன் இல்லை. பிரெஞ்சு வரேல்லை, அவ்வளவுதான். நாலு வருஷம் அந்த வகுப்பில இருந்தான். பேந்து படிப்பே வேண்டாம் எண்டிட்டான்."

நான் பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன்.

மறுநாள் காலை அவரும் நாங்கள் இருவரும் போவதாகத்தான் ஏற்பாடு. கீழே இறங்கினால் பெரு நாட்டுக்காரர், மெக்சிக்கோக்காரி, கைக்குழந்தை, இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் பனிக்குள் நின்றார்கள்! வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு தமிழ்ப் பிள்ளைக்காக வந்து நிற்கிறார்கள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். உண்மையான அதிபர் எங்கள் கூட்டத்தைக் கண்டதும் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

ரீச்சர் நல்ல பெண். "உங்கள் மகள் பேசுவதே இல்லை" என்றார் கவலையோடு. பழக்கதோஷத்தில் நான் தலையாட்டப் போனேன். அதிபர் என் காலை மிதித்தார்.

"கதையும்!"

கதைத்தேன். ஓட்டை ஒடிசல் பிரெஞ்சில், வியர்க்க விறுவிறுக்கக் கதைத்தேன். மகள் வீட்டில் வாய் ஓயமாட்டாள், கனடாவுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, கணக்குக் கொடுத்துப் பாருங்கள் என்றேன். மகளைக் கூப்பிட்டார்கள். ரீச்சர் எழுத எழுத அவள் விடை போட்டாள். கூட்டல், கழித்தல், எல்லாம் சரி! கரும்பலகையில் இடம் முடிந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் உதைபந்தாட்டத்தில் கோல் விழுந்த மாதிரிக் கத்தினார்கள். மகள் இங்கேயே படிக்கட்டும், பின்னேரத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறோம், வருட முடிவில் பார்ப்போம் என்றார் உண்மையான அதிபர், குழந்தையை ஆட்டியபடி. வெளியே வந்ததும் அத்தனை பேரும் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்கள். மனைவி எண்ணிக்கொண்டு நின்றாள்.

ஜூன் மாதம் மகள் பாஸ்! ரிப்போர்ட்டோடு எங்கள் வீட்டைத் தாண்டி மேலே ஓடினாள். நாங்களும் பின்னால் ஏறினோம். பெற்றோர் கையெழுத்து வைக்கிற கோட்டைக் காட்டி, "இதில நீங்கள் வையுங்கோ" என்று அதிபரிடம் நல்ல பிரெஞ்சில் சொன்னாள்.

அவர் ரிப்போர்ட்டை எங்களிடமே திருப்பி நீட்டினார். "நான் இவளுக்கு ஆர்?" என்றார். அவர் அவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதேயில்லை.

நான் பேனையைத் திறந்து நீட்டினேன்.

"வையுங்கோ, அக்கா" என்றேன்.