பனிமலைக்கு வீட்டு அனுமதி

வருகிற கோடையில் நாங்கள் நால்வரும் பனிமலை ஏறுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவன் நான். மேஜையைத் தட்டி முன்மொழிந்தேன்.

இடம், பல் டாக்டரின் கிளினிக். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அங்கே நோயாளிகள் வரமாட்டார்கள். நாங்கள் வருவோம். டாக்டர் தன்னுடைய சுழல் ஸ்டூலில் இருந்தான். அச்சகக்காரன் நோயாளி நாற்காலியில் மல்லாந்து கிடந்தான். கணக்கு வாத்தியார் சுவரோரப் பெஞ்சில். நான் நின்றுகொண்டிருந்தேன். வீரம் பேசும்போது நான் உட்காருவதில்லை.

"நாள் கணக்கா நடக்கறோம்டா! கூடாரத்துல தூங்கறோம். மேகத்துக்கு மேல நின்னு கீழ பாக்கறோம். இந்த வயசுல இதுகூட செய்யலேன்னா நாமெல்லாம் ஆம்பளைங்களா?"

"நான் ரெடி," என்றான் அச்சகக்காரன், படுத்தபடியே.

"நானும்தான்," என்றான் டாக்டர்.

"எப்பக் கெளம்பலாம்?" என்றார் வாத்தியார். சிறு வயதிலேயே வழுக்கை விழுந்துவிட்டதால் இவருக்கு மட்டும் எங்களிடம் 'ர்' விகுதி உண்டு.

மூவரும் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது என் பேச்சுத் திறமையால்தான் என்று நினைத்தேன். நினைப்புக்கு என்ன குறைச்சல்!

இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்லிவிடுகிறேன். எனக்கு மலை ஏறும் உத்தேசம் கடுகளவும் கிடையாது. நான் லிப்ட் கம்பெனியில் பராமரிப்பு சூப்பர்வைசர். மனிதகுலம் படி ஏறக்கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். மற்றவர்களை ஏற்றிவிடுவதுதான் என் தொழில், ஏறுவது இல்லை.

பிறகு எந்தத் தைரியத்தில் மேஜையைத் தட்டினேன் என்று கேட்பீர்கள். என் மனைவி இருக்கும் தைரியத்தில்தான்.

"எனக்கு ஆசைதான். வீட்ல விடமாட்டேங்கறா." இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மாரத்தான் ஓட்டத்திலிருந்து தப்பித்தேன். நீச்சல் போட்டியிலிருந்து கழன்றேன். கராத்தே வகுப்புக்குச் சேர்ந்த அன்றே விலகினேன். நண்பர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, முதுகைத் தட்டிக் கொடுப்பார்கள். வீரம் எனக்கு, பழி அவளுக்கு. இதைவிட நல்ல தாம்பத்யம் எங்கே கிடைக்கும்?

இதில் அவளை ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. கேட்க அவசியம் வந்ததில்லை. ஆனால் இந்தத் தடவை ஒரு சிக்கல். என் மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். டாக்டரின் சம்சாரம் கொஞ்ச நாளாகத் தோள்பட்டை வலிக்கு அவளிடம்தான் வைத்தியத்துக்குப் போகிறாள். நான் பொய் சொன்னால் அது அந்தத் தோள் வழியாக வெளியே வந்துவிடும். ஆகவே, அசல் மறுப்பு ஒன்றை வாங்கியே ஆகவேண்டும்.

மூன்று நாள் கழித்து வாங்கப் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு விஷயம். கோபப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேந்து பனிமலை ஏறலாங்கறாங்க."

"போயிட்டு வாங்க."

துணி மடிப்பது ஒரு நொடிகூட நிற்கவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் சொன்னது காதுல விழுந்துதா? மலை. அதுல பனி."

"விழுந்துது. போயிட்டு வாங்க."

"ஒரு நாள் இல்ல, நாள் கணக்கா."

"பின்ன? காலைல போயிட்டு சாயங்காலம் வர்றதுக்கு அது என்ன காய்கறி மார்க்கெட்டா?"

"மேல காத்தே இருக்காதாம். மூச்சு முட்டுமாம்."

"மெதுவா நடந்தா ஒடம்பு பழகிடும். தண்ணி நெறைய குடிக்கணும்."

"சறுக்கி விழுந்தா ஆளே கெடைக்க மாட்டானாம்!"

"வழிகாட்டி கூட வருவாரில்ல? அவர் தேடிக்குவாரு."

"குளிக்கவே முடியாது, தெரியுமா?"

"இங்க மட்டும் நான் சொல்லாம என்னிக்குக் குளிச்சிருக்கீங்க?"

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "உங்கம்மா அந்த வாரம் வர்றாங்களே? மாப்பிள்ளை வீட்ல இல்லேன்னா மரியாதையா இருக்குமா?"

"அம்மாகிட்ட நேத்தே சொல்லிட்டேன். இன்னும் ஒரு வாரம் சேத்து இருக்கேன்னாங்க."

நேற்றே சொல்லிவிட்டாளா? நான் இன்றுதானே கேட்கிறேன்! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறவனுக்கு ஒன்றும் உறைக்காது. அவள் மடித்த துணிகளை என் கையில் கொடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

மறுநாள் கிளினிக்குக்கு ஓடினேன். மூவரையும் வரவழைத்து விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"அவ சரின்னுட்டாடா."

அச்சகக்காரன் நாற்காலியிலிருந்து விருட்டென்று எழுந்தான். மேலே தொங்கிய விளக்கில் நெற்றி மடேரென்று மோதியது. அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"யாரு? உன் பொண்டாட்டியா? சரின்னாங்களா?"

"ஆமா."

"முழுசாக் கேட்டுட்டுத்தான் சொன்னாங்களா? நடுவுல தூங்கிடலையே?"

வாத்தியாரின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "டேய், அவங்க விடமாட்டாங்கங்கற நம்பிக்கைலதானடா நான் பள்ளிக்கூடத்துல சொல்லி வச்சேன்! பிரேயர்ல எனக்குக் கைதட்டிட்டாங்கடா!"

"நான் பேனர் அடிச்சு அச்சகத்து வாசல்ல மாட்டிட்டேன்," என்றான் அச்சகக்காரன் ஈனக்குரலில். "நாலு பேர் ஃபோட்டோவும் போட்டு."

"நான் பேஷன்ட்டுங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்," என்றான் டாக்டர். "வாயைத் தெறந்து வச்சிருக்காங்களா, யாரும் வேணாம்னு தடுக்கலை."

எனக்குத் தலை சுற்றியது. ஊருக்கே சவால் விட்ட நான்கு வீரர்கள். நால்வரும் நம்பியது ஒரே ஒரு பெண்மணியின் கண்டிப்பை. அந்தக் கண்டிப்போ என் கற்பனை!

"சரிடா, உங்க வீட்ல யாரையாவது வேணாம்னு சொல்லச் சொல்லுங்களேன்," என்றேன்.

மூவரும் ஆளுக்கொரு மூலையில் நின்று வீட்டுக்குப் போன் போட்டார்கள். "கேட்டாச்சு," என்றார் வாத்தியார். "'அவங்களே அவங்க வீட்டுக்காரரை விட்டுட்டாங்க, நான் எதுக்குத் தடுக்கணும்'கறா."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். வார்த்தை மாறாமல் அதே பதிலாம். எப்பாடுபட்டாவது என் மனைவியை மறுக்க வைப்பது என் பொறுப்பு என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே ஒரு முதுகுப்பை நின்றது. உள்ளே தண்ணீர் பாட்டில்களை அடுக்கியிருந்தாள்.

"இதை மாட்டிக்கிட்டு மொட்டை மாடி வரைக்கும் ஏறி எறங்குங்க. தெனமும்."

"படியிலயா?"

"மலைல லிப்ட் வச்சிருக்காங்களா?"

ஏறினேன். இரண்டாவது மாடியிலேயே நுரை தள்ளிவிட்டது. அங்கே குடியிருக்கும் ரிட்டையர்டு அதிகாரி கதவைத் திறந்தார்.

"என்ன சார், லிப்ட் ரிப்பேரா?"

"இல்ல சார். பயிற்சி."

"மறைக்காதீங்க சார். இந்த லிப்டைப் பராமரிக்கறதே நீங்க. நீங்களே ஏற பயப்படறீங்கன்னா என்ன அர்த்தம்?"

அன்று முதல் எங்கள் கட்டடத்தில் ஒருவரும் லிப்டில் ஏறவில்லை. அத்தனை குடும்பமும் படியில் ஏறியது. வழியில் என்னைக் கண்டபோதெல்லாம் முறைத்தது.

கடைசியில் முழங்காலைச் சரணடைந்தேன். ஒரு காலை இழுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தேன். அவள் என்னைக் கட்டிலில் படுக்க வைத்தாள். இரண்டு கைகளையும் முழங்காலுக்கு மேலே நீட்டினாள்.

"ஐயோ! அம்மா!"

"நான் இன்னும் தொடவே இல்லீங்க."

பிறகு தொட்டாள். மடக்கினாள், நீட்டினாள், திருப்பினாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அங்கே கூச்சம் அதிகம்.

"முட்டி அருமையா இருக்கு. உங்களை மாதிரி ஒழைக்காத ஆளுங்களுக்குத் தேயறதே இல்ல. நாளையிலேர்ந்து ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா ஏறுங்க."

எந்தப் பருப்பும் வேகவில்லை. போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. பஸ் கிளம்பும்போது நான்கு மனைவியரும் கை காட்டினார்கள். நாங்களும் காட்டினோம். வாத்தியார் மட்டும் கையைக் கடைசிவரை இறக்கவே இல்லை.

சாலை முடிந்த இடத்தில் வழிகாட்டி காத்திருந்தார். ஒல்லியான மனிதர், காதை மூடிய தொப்பி, நம்மூர்க்காரர்களை ஏற்றி ஏற்றித் தமிழ் பழகியவர். எங்கள் பைகளைவிடப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு, கடைத்தெருவுக்குப் போகிறவர் மாதிரி சாவகாசமாக நடந்தார். நாங்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் போனோம். மேலே போகப் போக மரங்கள் குட்டையாயின, புல் போயிற்று, வெறும் கல்லும் பனியும்தான். நான்கு அடி வைத்தால் நின்று மூச்சு வாங்கவேண்டும். மூச்சு வாங்கவும் மூச்சு வேண்டியிருந்தது. மலை அழகாகத்தான் இருந்திருக்கும். நான் பார்த்ததெல்லாம் வழிகாட்டியின் பூட்ஸ் குதிகாலைத்தான்.

எங்களுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. யாராவது ஒருவன் முடியவில்லை என்று உட்கார்ந்தால் போதும். மற்ற மூவரும் அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கீழே ஓடிவிடலாம். யார் அந்த ஒருவன் என்பதுதான் பிரச்சனை.

"டேய், உனக்கு முடியலேன்னா சொல்லுடா. கூச்சப்படாதே," என்றான் அச்சகக்காரன் என்னிடம்.

"எனக்கென்னடா? உனக்குத்தான் உதடு நீலமாயிருக்கு."

"குளிருடா அது! டாக்டரைப் பாரு, தள்ளாடறான்."

"நான் தள்ளாடலை. ரசிக்கறேன்," என்றான் டாக்டர் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்தபடி.

ஒவ்வொரு முகாமிலும் வழிகாட்டி எங்கள் விரல் நுனியில் ஒரு சின்னக் கருவியை மாட்டி ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்ப்பார். குறைந்தால் உடனே கீழே அனுப்பிவிடுவாராம். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டுவோம். ஃபெயில் ஆக இவ்வளவு ஆசைப்பட்ட மாணவர்களை வாத்தியாரே பார்த்ததில்லையாம்.

"பிரமாதம் சார்! நடையிலயே தெரியுது, நாலு பேரும் நல்லாப் படியேறிப் பழகிட்டு வந்திருக்கீங்க!"

நான்கு பேருமா? திகைத்துப்போய் ஒருவரையொருவர் பார்த்தோம். எல்லார் வீட்டு வாசலிலும் தண்ணீர் பாட்டில் அடைத்த பை நின்றிருக்கிறது. வெட்கப்பட்டு யாரும் வெளியே சொல்லவில்லை.

கடைசி முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அதற்கு மேலே செங்குத்தாக ஒரு பனிச்சரிவு, உச்சியில் கணவாய். "போன்ல பேசறதுன்னா இப்பவே பேசிக்குங்க சார். இதுக்கு மேல சிக்னல் கெடையாது," என்றார் வழிகாட்டி.

மூவரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"வீட்டுக்குப் போன் போடு. உடனே கெளம்பி வான்னு அவங்களைச் சொல்லச் சொல்லு," என்றார் வாத்தியார். "உன்னைத் தனியா அனுப்ப மாட்டோம். நாங்களும் வர்றோம்."

ஒரு பாறை மேல் ஏறி, கொஞ்சம் சாய்ந்து நின்றால் சிக்னல் கிடைத்தது. சாய்ந்தேன்.

"ஏங்க! நல்லாயிருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?"

அவள் குரலுக்குப் பின்னால் பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம்.

"நல்லாயிருக்கேன். ஒரு உதவி பண்ணு. 'உடனே கெளம்பி வாங்க'ன்னு சொல்லு. கோபமாச் சொல்லு. நான் ஸ்பீக்கர்ல போடறேன்."

சிக்னல் போய்விடக் கூடாதே என்று இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன்.

"டாக்டர் வீட்டம்மா முதல் தடவை என்கிட்ட வந்தப்போ, தோளைத் தொட்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாங்க. வலின்னு நெனைச்சேன். பயமாம்ங்க. 'நீங்க ரொம்பக் கண்டிப்பாமே, வீட்டுக்காரரை ஓட விடமாட்டீங்களாம், நீந்த விடமாட்டீங்களாமே'ன்னு கேட்டாங்க. இந்த மலை விஷயமும் அவங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. நான் என்னிக்குங்க உங்களைத் தடுத்தேன்?"

ஸ்பீக்கர் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

"வாத்தியார் என்னை ரோட்டுல பாத்தா எதிர்ப்பக்கம் போயிடறாரு. ஏன்னு தெரியாம எத்தனை நாள் யோசிச்சிருக்கேன் தெரியுமா? மனசு கஷ்டமா இருந்துச்சுங்க."

சுருக்கென்றது எனக்கு. நிஜமாகவே. அந்தக் குளிரிலும் முகம் சுட்டது.

"தப்புதாம்மா," என்றேன். "மன்னிச்சுக்கோ. இனிமே உன் பேரை இழுக்கவே மாட்டேன்." இத்தோடு நிறுத்தியிருக்கலாம். மேலே பனிச்சரிவு தெரிந்தது. "இந்த ஒரு தடவை மட்டும்..."

அவள் சிரித்தாள். கோபம் போன சிரிப்பு. எனக்கு உயிர் வந்தது.

"சரி, பாவமா இருக்கு. போனை வழிகாட்டிகிட்ட குடுங்க. நான் பேசிக்கறேன்."

வழிகாட்டியைக் கூப்பிட்டுப் பாறை மேல் ஏற்றி, போனைக் கொடுத்தேன். அவர் தொப்பியைத் தூக்கி, போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னைப் போலவே சாய்ந்தார்.

"சொல்லுங்கம்மா... சரிம்மா... நாலு பேரையுமா?... அப்படியாம்மா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!... ஆகட்டும்மா. நான் பாத்துக்கறேன்."

அச்சகக்காரன் அதற்குள் பையை மாட்டிக் கீழ்த்திசை பார்த்து நின்றுவிட்டான். டாக்டர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "உன் பொண்டாட்டி தெய்வம்டா!"

வழிகாட்டி போனைத் திருப்பிக் கொடுத்தார். எங்களை இதுவரை பார்க்காத மரியாதையோடு பார்த்தார்.

"கணவாய்க்கு அந்தப்பக்கம் இதைவிட உசரமா ஒரு மலை இருக்கு சார். ஆசையை வாய்விட்டுக் கேக்கக் கூச்சப்படறீங்களாமே, அதையும் ஏத்திக் காட்டிட்டுத்தான் கீழ கூட்டிட்டு வரணும்னு நாலு வீட்டம்மாவும் சொல்லிட்டாங்க!"