போலே அண்ணன் முடியாது என்ற நாள்

நாற்பத்தெட்டு வயது வரை 'முடியாது' என்ற வார்த்தையை ஒரு தடவைகூட வாயால் சொல்லாமல் வாழ்ந்த மனிதர் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் போலே அண்ணன். வருகைப் பதிவேட்டில் அவருக்கு நீளமாக ஒரு சொந்தப் பெயர் இருந்தது. தினமும் அதை எழுதிய நானே மறந்துவிட்டேன்.

மலாயில் 'போலே' என்றால் முடியும். தமிழில் 'போலே' என்றால் மாதிரி. அண்ணனிடம் இரண்டு அர்த்தமும் கூட்டுக்குடித்தனம் நடத்தின. அவர் "போலே லா" என்று சொன்னால் காரியம் முடிவது போலே இருக்கும்; முடியாது.

நான் அப்போது பிரிக்பீல்ட்ஸில், ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த பயிற்சி மையத்தில் கிளார்க். தெலுக் பங்லிமா காராங்கில் சிப் செய்யும் தொழிற்சாலை ஒன்று வரப்போகிறது, அதற்கு ஆள் தயார் செய்யவேண்டும் என்று மூன்று மாத வகுப்பு தொடங்கியிருந்தோம். முடிவில் செய்முறைத் தேர்வு. தேறினால் வேலை. இளவட்டங்கள் தவறினால் அடுத்த வகுப்பில் உட்காரலாம். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் என்று தொழிற்சாலை கறாராகச் சொல்லிவிட்டது.

அண்ணன் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் மனைவி ருக்குமணி அக்காவோடு வந்து இறங்கினார். நான் படிவத்தை நிரப்பினேன்.

"இங்கிலீஷ் பேசுவீங்களாண்ணே?"

"போலே லா."

"கம்ப்யூட்டர்?"

"போலே."

"எக்செல் தெரியுமா?"

"போலே தங்கச்சி! மூணு லோரிக்கு நானே மாத்திருக்கேன்."

"எதை?"

"ஆக்சில்தானே கேட்ட?"

அண்ணன் இருபத்திரண்டு வருஷம் லோரி ஓட்டியவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "லோரி கம்பெனிய மூடிட்டாங்க மா. எட்டு மாசமா வீட்டுல ஒக்காந்துகிட்டு, அடுத்த வீட்டு ஃபேனு, எதுத்த வீட்டு வாஷிங் மெஷினு, எல்லாத்தையும் போலே போலேன்னு கழட்டிப் போட்டிருக்காரு. இந்த வேலையும் கெடைக்கலன்னா கம்பத்து சனமே சேர்ந்து எங்கள ஊரவிட்டு தொரத்திரும்."

நான் சிரித்தேன். ஒரு வாரம் கழித்து என் அறை ஏர்கான் சொட்டியபோதுதான் அக்காவின் வேதனை புரிந்தது. "போலே லா" என்று அண்ணன் ஸ்குரூ டிரைவரோடு ஏறினார். இறங்கும்போது என் மேசை முழுக்க ஏர்கான் பரப்பிக் கிடந்தது. மூன்று நாள் விசிறிக்கொண்டே வேலை பார்த்தேன். நான்காம் நாள், "இங்கே போலே சொல்லத் தடை" என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டினேன். அண்ணன் அதை நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "போலே" என்றார்.

பயிற்சி அறை இன்னொரு கூத்து. சிப் என்பது தூசிக்குப் பயந்த சாமான். அறைக்குள் பவுடர் கூடாது, சென்ட் கூடாது, பொட்டு கூடாது, திருநீறு கூடாது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு. காற்றில் தூசியை எண்ணுவதற்கென்றே சுவரில் ஒரு கருவி. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் உள்ளே போன ஐந்தாவது நிமிடம் அந்தக் கருவி அலறத் தொடங்கியது. அலறல் நிற்கவேயில்லை. பயிற்சி ஆசிரியை மிஸ் லிம் எல்லாரையும் வெளியே துரத்தினார்.

"அண்ணே, திருநீறு தொடச்சீங்களா?" என்று கேட்டேன்.

"தொடச்சிட்டேன் லா, பாரு." நெற்றி பளபளவென்று இருந்தது. சந்தேகப்பட்டு உடுப்பைக் கழற்றச் சொன்னோம். இரண்டு கையிலும் மும்மூன்று பட்டை. நெஞ்சில் பட்டை. பிடரியில்கூட ஒரு பூச்சு. அண்ணன் விடிகாலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார்.

"நெத்தியிலதானே கூடாதுன்னு சொன்னீங்க?" என்றார் பரிதாபமாக.

"அடோய்! அங்கிள், சாமி போலே, மெஷின் தாக் போலே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் மிஸ் லிம். 'தாக் போலே' என்றால் முடியாது, கூடாது. வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து மிஸ் லிம் அண்ணனிடம் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

இப்படியே போயிருந்தால் அண்ணன் தேர்வில் தேறுவார் என்று நானும் நம்பியிருக்கமாட்டேன். ஆனால் ஒருநாள் மிஸ் லிம் ஒரு சிப்பைத் தூக்கிக் காட்டி, "இது லோரி ப்ரேக்குக்குள் போகிறது" என்றார். பின் வரிசையில் அரைத்தூக்கத்தில் இருந்த அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ப்ரேக்குக்கா?" அந்த வகுப்பில் அவர் கேட்ட முதல் கேள்வி. மறுநாள் முதல் வரிசைக்கு வந்துவிட்டார். முடியைவிட மெல்லிய கம்பியைச் சிப்பில் ஒட்டும் மெஷினோடு மல்லுக்கட்டி, வகுப்பு முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகமாட்டார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அப்போதுதான். அட்டையை மட்டும் எடுக்கவில்லை.

தேர்வு நாள். தொழிற்சாலையிலிருந்து மலாய்க்கார மேனேஜர் ஒருவர் வந்திருந்தார். ஒரு மணி நேரத்தில் இருபது சிப்பில் கம்பி ஒட்டவேண்டும். ஒவ்வொன்றிலும் கம்பியை இழுத்துப் பார்க்கவேண்டும். அது தாங்கும் பலம் திரையில் எண்ணாக வரும்; எட்டுக்குக் குறையக்கூடாது. நான் மேனேஜருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். உள்ளே பேசுவது ஸ்பீக்கரில் கேட்கும்.

அண்ணன்தான் கடைசி ஆள். பதினொன்று வரை சுத்தமாக வந்தது. பன்னிரண்டாவது ஏழு புள்ளி ஒன்பது. அண்ணன் கையை எடுத்தார். மறுபடி பார்த்தார். அதே எண்.

மிஸ் லிம்மே கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். "கொஞ்சந்தான் அங்கிள். போலே லா, ஜாலான்! ஓடட்டும்!"

நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "போலேன்னு சொல்லித் தொலைங்கண்ணே! இத்தனை நாள் சொன்னீங்களே!" என்று முணுமுணுத்தேன்.

அண்ணன் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மெஷின் நின்றது.

"தாக் போலே, மிஸ்," என்றார். "இது ப்ரேக்."

மெஷினைத் திறந்து பார்க்கும்வரை மறுபடி ஓட்டமாட்டேன் என்று கைகட்டி நின்றுவிட்டார். நேரம் முடிந்து மணி அடித்தது. இருபதுக்குப் பதினொன்று. விதிப்படி தோல்வி.

வெள்ளை உடுப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார். "வேலை போச்சி தங்கச்சி. ருக்குகிட்ட என்னான்னு சொல்றது?" நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மிஸ் லிம் ஓடி வந்தார். கம்பியைப் பிடிக்கும் கவ்வியில் ஒரு ஸ்குரூ லூசாகியிருந்ததாம். விட்டிருந்தால் அதற்குப் பிறகு வருவது எல்லாமே கோளாறுதான். அவருக்குப் பின்னால் மேனேஜர் இறங்கி வந்து, அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணன் பதறி எழுந்தார்.

"இஸ்னின் போலே மாசோக் கெர்ஜா?" திங்கட்கிழமை வேலைக்கு வர முடியுமா என்று கேட்டார்.

அண்ணன் வாயைத் திறந்தார். பிறந்ததிலிருந்து மூச்சுக்கு மூச்சு சொன்ன அந்த ஒற்றை வார்த்தை வரவில்லை. கண்தான் நிறைந்தது.

கீழே சேலைக் கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு நான்தான் கத்தினேன்: "போலே சார்! எங்கண்ணனுக்கு எல்லாம் போலே லா!"