எங்கள் பரம்பரை முழங்கால்

இனி குடம் தூக்குவதில்லை என்று தீர்மானித்தேன். ஸ்ரீராம்புரத்தில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவன் எடுக்கக்கூடிய மிகப் பெரிய தீர்மானம் அது. காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்; அதுவும் கீழ்க்குழாயில் மட்டும். ஆறு குடம் நான், ஆறு குடம் என் மனைவி வனஜா.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். வெறுமனே "முடியாது" என்பது படிக்காதவன் செய்கிற வேலை. ஆதாரம் வேண்டும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மூட்டுத் தேய்மானம் பற்றி மூன்று பக்கம் பிரிண்ட் எடுத்தேன். பரம்பரையாக வரும் என்ற வரிகளுக்கெல்லாம் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டேன். மற்ற வரிகளை அடித்துவிட மனச்சாட்சி இடம் தரவில்லை. அந்த மனச்சாட்சியை எந்தச் செருப்பால் அடிப்பது?

புதன் காலை. கீழே குழாய் சீறியது.

"மாமா, தண்ணி வந்துடுச்சு. எழுந்திருங்க."

"முடியாது வனஜா. முழங்கால்."

"எது, ஞாயித்துக்கிழமை கிரிக்கெட் ஆடிச்சே, அந்த முழங்காலா?"

"வலி இன்னும் வரலை. வரும். எங்கப்பாவுக்கு ரெண்டு முழங்காலும் போச்சு. தாத்தாவுக்கு இடுப்பு மூட்டே போச்சு. எல்லாம் ஜீன்! உனக்கெல்லாம் எங்க புரியப்போவுது? இந்தா, படி."

பி.யு.சி.யோடு நின்றவள்தானே என்ற இளக்காரத்தில் காகிதத்தை நீட்டினேன். அவள் விரல் வைத்து, வரி வரியாகப் படித்தாள். மூன்று பக்கமும்.

"உங்கப்பா எனக்கு யாரு மாமா?"

"மாமனார்."

"கல்யாணத்துக்கு முன்னாடி?"

"தாய்மாமன்."

"அப்ப உங்க தாத்தா?"

"உனக்கும் தாத்தா."

"எங்கம்மா மாடிப்படியைப் பார்த்தாலே உட்கார்ந்துடறாங்களே, அது எந்தப் பரம்பரை?"

அத்தை மகளைக் கட்டிக்கொண்டவன் அவளிடமே பரம்பரை பேசலாமா? மூன்று பக்கம் பிரிண்ட் எடுத்த மேதைக்கு இது மட்டும் தோன்றவில்லை.

"பொம்பளைங்களுக்கு முழங்கால் தேய்மானம் இன்னும் அதிகமா வருமாம். இதுக்கு ஏன் கோடு போடலை?"

"அது... மறந்துட்டேன்."

சிவப்புப் பேனாவை வாங்கி அவளே கோடு போட்டாள். ஸ்கேல் இல்லாமலே நேராக வந்தது. பிறகு நாற்காலியில் சாய்ந்து, இரண்டு காலையும் ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டு குடம். கடைசிக் குடத்தை இறக்கியபோது முழங்காலில் நிஜமாகவே சுருக்கென்றது.

"வனஜா, வலிக்குதும்மா!"

"பாத்தீங்களா மாமா, பேப்பர்ல போட்டிருக்கிறது நிஜம்தான். எனக்கும் வந்துடும். நாளன்னிக்கும் நீங்களே தூக்கிடுங்க."