எக்ஸ்ரேயில் தெரியாத காசு

மும்பையில் கவலைப்படுவதற்கென்று ஒரு இலாகா தொடங்கி அதற்கு மந்திரியும் போட்டால், அந்த நாற்காலியில் உட்காரத் தகுதியான ஒரே ஆள் எங்கள் தராசு அண்ணாச்சிதான். மழை வந்தால் கவலைப்படுவார். வராவிட்டால், வரப்போகிறதே என்று கவலைப்படுவார். ரயில் தாமதமானால் என்ன விபத்தோ என்பார். சரியான நேரத்துக்கு வந்துவிட்டால், "என்னமோ சரியில்லையே" என்று தண்டவாளத்தை எட்டிப் பார்ப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். தாராவியில் தராசு ரிப்பேர் கடை வைத்திருந்ததால் தராசு அண்ணாச்சி. காய்கறிக்காரரின் தட்டுத் தராசு முதல், நகைப் பட்டறைக்காரர்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலையும் சின்ன டிஜிட்டல் தராசு வரை அவர் கைக்கு வரும். கடைக்குள் இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் மற்ற இரண்டு பேரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இருந்த இடத்திலும் பாதியை நாணய ஆல்பங்கள் பிடித்துக்கொண்டிருந்தன.

ஆமாம், நாணயங்கள். உலகத்தில் எந்த நாட்டுக் காசானாலும் அண்ணாச்சிக்கு ஒன்று வேண்டும். தாராவியைச் சுற்றிப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் கூட்டமாக வருவார்கள் இல்லையா, அந்தக் கூட்டம் தெரு முனையில் திரும்புவதற்குள் அண்ணாச்சி லென்சும் கையுமாக வாசலில் நிற்பார். "மேடம், காயின்! நோ மணி, ஒன்லி காயின்!" என்பார். பிச்சை கேட்கிறார் என்று நினைத்து அவர்கள் நூறு ரூபாய் நோட்டை நீட்டுவார்கள். அண்ணாச்சி பாம்பைப் பார்த்தவர் போலப் பின்வாங்கி, "நோ நோ! எக்ஸ்சேஞ்ச்!" என்று அலறிக்கொண்டே, யாரோ ஒரு தலைவரின் நூற்றாண்டுக்கு வெளியிட்ட பத்து ரூபாய் நாணயத்தைத் தட்டில் வைத்து நீட்டுவார். கூட்டத்தை அழைத்து வந்த கைடு பையன் தலையில் அடித்துக்கொள்வான். ஆனால் அப்படித்தான் அவருக்குக் கென்யாவும் நார்வேயும் பெருவும் கிடைத்தன.

கையில் ஒரு காசு வந்தால் முதலில் விளிம்பைத் தடவுவார். அப்புறம் எடை. அப்புறம் காந்தம். கடைசியாகத்தான் முகத்தைப் பார்ப்பார். "மொகத்தைப் பாத்து ஏமாந்தவங்க உண்டும்மா. ஓரத்தைப் பாத்து ஏமாந்தவன் கிடையாது" என்பார். காய்கறி வாங்கி மீதிச் சில்லறை வந்தாலும் அங்கேயே நின்று லென்ஸ் வைப்பார். வருஷத்துக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பையில் அடித்தது. "நம்ம ஊர்க்காரன்" என்று அதைத் தனிப் பையில் போடுவார். நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். அதற்கு வேறு பை. பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் திட்டுவது அவர் காதில் விழாது. எல்லோரும் போனைக் காட்டிப் பணம் கட்ட ஆரம்பித்த பிறகு அதற்கும் ஒரு கவலை வந்தது. "இனிமே சில்லறைக்கு எங்கே போவேன்?"

ஒருமுறை தேவ்நாரிலிருந்து ஒருவர் கைக்குட்டையில் ஒரு பித்தளைக் காசைச் சுற்றிக்கொண்டு வந்தார். இருநூறு வருஷத்துப் பழசு, கோடி ரூபாய் போகும் என்று யாரோ வீடியோவில் சொல்லியிருந்தார்களாம். அண்ணாச்சி பார்த்த மாத்திரத்தில் போலி என்று தெரிந்துகொண்டார். ஆனால் எப்படிச் சொல்வது? வந்தவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது டீ வந்தது. மூன்றாவது டீயும் வந்தது. வந்தவருக்கு வயிறு உப்பிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, வீடு வாங்கிரலாமா?"

"வாங்கலாம்... வாங்கலாம். ஆனா இந்தக் காசை வச்சு வாங்க வேண்டாம்" என்றார் அண்ணாச்சி, வியர்த்துக்கொண்டே. அடுத்த ஒரு வாரம், அந்த மனுஷன் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாரா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அவர் பழக்கமானது என் வியாபாரத்தால். நான் அப்போது தாராவியில் வீட்டிலேயே இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் அரைத்து விற்றுக்கொண்டிருந்தேன். கணவருக்கு விக்ரோலியில் பேக்டரி வேலை. என் தராசு மாதம் ஒருமுறை மக்கர் பண்ணும். அதைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் போவேன். ஒருநாள் நம்பிக்கையின் உச்சத்தில் ஒரு பழைய செப்புக் காசை என்னிடம் கொடுத்து, "வீட்ல காட்டிட்டுக் கொண்டா" என்றார். நானும் நன்றிக்கடனாக அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தேன். அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நூறு வருஷம் சேத்து வச்ச நிறம்மா. அஞ்சு நிமிஷத்துல மொகத்தைச் சொரண்டி எடுத்துட்டியே!"

"விளக்கி வச்சா நல்லா இருக்குமேன்னு..."

"சாமி பாத்திரமாம்மா இது?"

ஆனாலும் திட்டவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே வந்து, நான் மனசு சங்கடப்பட்டுச் சாப்பிடாமல் இருக்கிறேனோ என்று கேட்டுவிட்டுப் போனார்.

இனி அந்த ஜூலை மாதத்துப் பகலுக்கு வருகிறேன். என் மகள் மீனுவுக்கு அப்போது மூன்று வயது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கடையில் நான் நின்றுகொண்டிருக்க, மீனு ஸ்டூலில் ஏறி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதிதாக வந்த ஐரோப்பியக் காசு ஒன்றின் விளிம்பெழுத்தை அண்ணாச்சி எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் லென்சுக்குள் குனிந்திருந்தோம்.

திடீரென்று மீனு இருமினாள். திரும்பிப் பார்த்தால் கண்ணெல்லாம் தண்ணீர். வாயிலிருந்து எச்சில் வழிந்தது. கை தொண்டையில்.

"என்னடி முழுங்கினே? மீனு! வாயைத் திற!"

வாயில் ஒன்றும் இல்லை. மூச்சு வந்தது, அழுகையும் வந்தது. கொஞ்சம் தண்ணீர் கொடுத்தேன். அப்படியே வெளியே வந்துவிட்டது. அண்ணாச்சியைப் பார்த்தேன். அவருடைய முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் கை மட்டும் வேலை செய்தது. முதலில், சின்னத் தராசுக்குப் போடும் பட்டன் பேட்டரி வைத்திருந்த பாட்டிலை எடுத்தார்; விழுங்கினால் காசைவிட ஆபத்து அதுதான். அதன் மூடியில் அவர் எப்போதும் டேப் சுற்றி வைத்திருப்பார். டேப் பிரியவில்லை. "கடவுளே, இது இல்லை" என்றார். அப்புறம் ஆல்பங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு கட்டத்திலும் விரலை வைத்து நாடுகளின் பெயரை முணுமுணுத்துக்கொண்டே போனார். எல்லாக் காசும் இருந்தது.

"எல்லாம் இருக்கும்மா. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு டாக்சி பிடித்தோம். முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அண்ணாச்சி ஒரே மூச்சில், "பையா, ஜல்தி சலோ! அரே, ஆராம் சே, ஆராம் சே!" என்றார். டிரைவருக்கு வேகமாகப் போவதா மெதுவாகப் போவதா என்று கடைசி வரை விளங்கவில்லை.

அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் ஒரு மராத்திக்கார டாக்டரம்மா இருந்தார். எக்ஸ்ரே எடுத்தார். படத்தை விளக்கில் வைத்துப் பார்த்து, "காசாக இருந்தால் வெள்ளையாக வட்டமாகத் தெரியும். ஒன்றும் இல்லை. ஏதாவது கரகரப்பானதைத் தின்று தொண்டை கீறியிருக்கலாம். வீட்டுக்குக் கூட்டிப் போய்க் கவனித்துப் பாருங்கள், சரியாகாவிட்டால் உடனே வாருங்கள்" என்று இந்தியில் சொன்னார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அண்ணாச்சிக்கு மட்டும் வரவில்லை. "வெள்ளையா தெரியும்னு சொல்லுதாங்க..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே கடைக்குப் போனார்.

வீட்டில் மீனு மடியில் படுத்திருந்தாள். பால் கொடுத்தால் உதட்டை மூடிக்கொண்டாள். எச்சில் நிற்கவில்லை. துண்டு நனைந்துகொண்டே இருந்தது. டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கதவு இடிபட்டது. குடைகூட இல்லாமல் தொப்பலாக நனைந்து அண்ணாச்சி நின்றார்.

"ஜப்பானைக் காணும்மா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன அண்ணாச்சி சொல்லுதிய?"

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். ஜப்பான் நாட்டின் ஒரு யென் காசு சரியாக ஒரு கிராம் எடை. சின்னத் தராசு ரிப்பேர் செய்ததும், சரியாகக் காட்டுகிறதா என்று சட்டென்று பார்க்க அதைத்தான் தட்டில் வைப்பார். அதனால் அது ஆல்பத்தில் இருக்காது, மேஜை மேலேயே கிடக்கும். இப்போது ஒரு நகைப் பட்டறைக்காரர் தராசைக் கேட்டு வந்தபோது கை தானாகப் போய்த் தேடியது. காசு இல்லை. மேஜைக்கு அடியில் இல்லை. எங்கேயும் இல்லை.

"ஆனா எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லையே, அண்ணாச்சி."

"அது அலுமினியம்மா! தண்ணியில மெல்ல வச்சா மிதக்கும், அவ்வளவு லேசு. எக்ஸ்ரேக்கு அது சரியா அம்புடாதோன்னு எனக்குப் பயமா இருக்கு. வா, போவோம்."

மறுபடி டாக்சி. டாக்டரம்மா புருவத்தை உயர்த்தினார். படத்தில் எதுவும் இல்லையே என்றார் பொறுமையாக. டீ வாங்கிக் கொடுத்துத்தான் ஒரு உண்மையையே சொல்லத் தெரிந்த அண்ணாச்சி, அன்றைக்கு மேஜைக்கு முன்னால் நகராமல் நின்றார். சட்டைப் பையிலிருந்து இரண்டு காசுகளை எடுத்து வைத்தார். ஒன்று இன்றைய ஒரு ரூபாய். இன்னொன்று நம் நாட்டின் பழைய அலுமினியப் பத்துப் பைசா.

"மேடம், யே தோனோ கா எக்ஸ்ரே நிகாலோ. ப்ளீஸ். ஏக் பார்" என்றார். இந்த இரண்டையும் ஒருமுறை படம் எடுங்கள் என்று. கை கூப்பியிருந்தது.

டாக்டரம்மா மீனுவின் நனைந்த சட்டையைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். காசுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

படம் வந்தது. ஒரு ரூபாய் பௌர்ணமி நிலா மாதிரி பளீரென்று இருந்தது. பக்கத்தில் பத்துப் பைசா, கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று இருந்தது. டாக்டரம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மீனுவைப் பக்கவாட்டில் திருப்பி இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். அதை விளக்கில் வைத்து, பேனா முனையால் தொண்டைக்குக் கீழே ஓர் இடத்தைக் காட்டினார். தலைமுடி போல ஒரு மெல்லிய கோடு. காசின் விளிம்பு.

"ஹாங். ஹை" என்றார். இருக்கிறது.

அடுத்த அரை மணியில் குழாய் விட்டு எடுக்கும் டாக்டர் வந்தார். மயக்க மருந்து கொடுத்து மீனுவை உள்ளே கொண்டு போனார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி எனக்குத் தைரியம் சொன்னார். "ஒண்ணும் ஆவாதும்மா, ஒண்ணும் ஆவாது" என்று பத்துத் தடவை சொன்னார். பதினோராவது தடவை சொல்லும்போது கண் சொருகி பெஞ்சில் சாய்ந்துவிட்டார். நர்சம்மா ஓடிவந்து அவருக்கு பி.பி. பார்த்து, குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, என்னைக் கூப்பிட்டு விசிறச் சொன்னார். உள்ளே என் மகள். வெளியே அண்ணாச்சிக்கு நான் விசிறிக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. டாக்டரம்மா சிரித்தபடி ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணத்தை நீட்டினார். அதற்குள் அந்த ஒரு யென், கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. எந்த நாட்டுக் காசைக் கண்டாலும் கை பறக்கும் மனுஷன் அதைத் தொடவில்லை. "எனக்கு வேண்டாம்" என்று தலையை ஆட்டினார். சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, கடைத் தெருவில் தொலைந்துபோன குழந்தை மாதிரி அழுதார். அந்தக் காசு டாக்டரம்மாவின் மேஜையிலேயே தங்கிவிட்டது. படிக்க வரும் இளம் டாக்டர்களுக்குக் காட்டுவேன் என்றார்.

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு என் போன் அடித்தது. "புள்ள சாப்பிட்டாளா?" சாப்பிட்டாள் என்றேன். அதற்கடுத்த நாளும் ஒரு மணிக்கு. அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் கேட்பார், விட்டுவிடுவார் என்று நினைத்தேன். நாங்கள் செம்பூருக்கு வீடு மாறினோம். மீனு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். இப்போது அவளுக்கு ஏழு வயது, இரண்டு பேர் சாப்பாட்டை ஒருத்தியே சாப்பிடுகிறாள். போன் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, தீபாவளிக்கும் உண்டு. ரயிலில் இருந்தால் ரயிலிலிருந்து கேட்பார். சில நாள் எனக்கு எரிச்சல்கூட வரும்.

போன மாதம் ஒருநாள் மணி ஒன்றாகியும் போன் வரவில்லை. ஒன்றேகால். ஒன்றரை. நான் அடித்தேன், எடுக்கவில்லை. என் சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்குத் தட்டை மூடி வைத்து, சாப்பிட்டு முடித்திருந்த மீனுவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கட்டியிருந்த புடவையோடு ஆட்டோ பிடித்துத் தாராவிக்கு ஓடினேன். கடை பூட்டியிருந்தது. பக்கத்துத் தோல்பைக் கடைக்காரருக்கும் எங்கே போனார் என்று தெரியவில்லை. வாசலிலேயே நின்றேன்.

கால் மணி நேரம் கழித்துத் தெரு முனையில் அண்ணாச்சி வந்தார். ஒரு கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. வாய் நிறைய பஞ்சு. பல் பிடுங்கிக்கொண்டு வருகிறார்.

"சொல்லிட்டுப் போக மாட்டியளா? ஒரு மனுஷி இங்க பதறிக்கிட்டு நிக்கேன்!" என்று நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

அவரால் பேச முடியவில்லை. என்னைப் பார்த்தார். ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய், அதே கையை இடுப்புயரத்துக்கு இறக்கி ஒரு குழந்தையின் உயரம் காட்டி, புருவத்தை உயர்த்திக் கேட்டார்.

"சாப்பிட்டுட்டா, அண்ணாச்சி" என்றேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பசித்தது.