திராட்சைத் தோட்டத்தில் ஒரு காசியாத்திரை

நீண்ட நேரம் பேசுகிறவன் தன் பேச்சின் நீளத்தை ஒருநாளும் அறிவதில்லை. கேட்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது அவன் கண்ணில் படத்தான் செய்யும். கடிகாரம் புதிது போலும் என்று எண்ணிக்கொண்டு மேலே பேசுவான். கல்லூரியில் வாழ்நாளெல்லாம் தமிழ் பயிற்றுவித்த எனக்கு இவ்வுண்மை விளங்கிய இடம் வகுப்பறை அன்று. கலிபோர்னியாவில் ஒரு திராட்சைத் தோட்டம். விளங்கிய நாள் என் ஒரே மகளின் திருமண நாள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. மகள் மலர்விழி சான் ரமோனில் கணிப்பொறிப் பணியில் இருந்தாள். மணமகன் அருண், நியூ ஜெர்சியின் எடிசனில் பிறந்து வளர்ந்த பிள்ளை, பெற்றோர் மதுரைக்காரர்கள். தமிழ் சொன்னால் புரிந்துகொள்வார்; விடை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். நானும் என் மனைவி கமலாவும் கோவையிலிருந்து ஒரு மாதம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். திருமணம் எந்த மண்டபத்தில் என்று கேட்டேன். மகள் தட்டிலிருந்த இட்லியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு ஒயினரிலப்பா."

"மது வடிக்கும் ஆலையிலா மாங்கல்யம்?" என்று தொடங்கினேன். (அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுதினால் தாள் போதாது.)

"அப்பா, எந்த ஹோட்டல்லயும் ஹோமத்துக்கு நெருப்பு மூட்ட விடமாட்டேங்கறாங்க. ஃபயர் அலாரம் அடிச்சிடுமாம். இவங்க மட்டும்தான் முற்றத்துல தாராளமா மூட்டிக்கோங்கன்னு சொன்னாங்க."

"நெருப்புக்கு இடம் குடுத்தவங்க நல்லவங்களாத்தான் இருப்பாங்க," என்றாள் கமலா. "ஊருல போய்த் தோட்டத்துல நடந்துச்சுன்னு சொல்லிக்கலாம். நீங்க சாப்பிடுங்க."

நான் இரண்டு நிபந்தனைகளுடன் இசைந்தேன். மது ஒரு துளியும் கண்ணில் படலாகாது. சடங்குகள் யாவும் குறைவின்றி, பொருளுணர்ந்து நிகழவேண்டும்.

ஆலையின் உரிமையாளர் லிண்டா என்ற அம்மையார். நரைத்த தலை, சேறு படிந்த காலணி, எதற்கும் கலங்காத முகம். முதல் நிபந்தனையைக் கேட்டதும் புட்டிகளை எல்லாம் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். பீப்பாய்களைத்தான் நகர்த்த இயலாது என்றார். கமலா தன் பெட்டியைத் திறந்து பட்டுப்புடவைகளை வெளியே எடுத்தாள். திருமணத்தன்று காலையில் பார்த்தால், சுவரோரமாகப் பட்டுடுத்திய பருத்த சுமங்கலிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். (சம்பந்தியம்மாள் தொலைவிலிருந்து அவர்களுள் ஒருவரை நோக்கிக் கைகூப்பியதாகக் கேள்வி.)

வினை இரண்டாம் நிபந்தனையில் இருந்தது.

காசியாத்திரை என்னும் சடங்கை யாவரும் அறிவர். மணமகன் குடையும் கோலும் ஏந்தி, இல்லறம் வேண்டாம் என்று காசிக்குப் புறப்படுவான். பெண்ணின் தந்தை வழிமறித்து, என் மகளை ஏற்றுக்கொள் என்று வேண்டித் திருப்பி அழைத்து வருவார். இக்காலத்தில் மாப்பிள்ளைகள் வாசற்படி தாண்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கேலிக்கூத்து என் வீட்டுத் திருமணத்தில் நிகழலாகாது என்று உறுதி பூண்டேன். முதல்நாளே அருணை அமரவைத்து விளக்கினேன்.

"இது நாடகம் அன்று, தம்பி. உண்மையாகவே உலகைத் துறந்தவன் எவ்வாறு நடப்பானோ அவ்வாறு நடக்கவேண்டும். திரும்பிப் பார்க்கலாகாது. நான் வந்து வேண்டும்போது மட்டுமே திரும்பவேண்டும்."

"காட் இட், அங்கிள். எவ்வளவு தூரம் போகணும்?"

"துறவிக்கு ஏது எல்லை?" என்றேன். (அந்த ஒரு வாக்கியத்தை நான் விழுங்கியிருக்கலாம்.)

மறுநாள் வானம் தெளிந்திருந்தது. அறுவடைக் காலமாதலால் கொடிகளில் கறுத்த குலைகள் கனத்துத் தொங்கின. ஒலிநாடாவில் நாகசுரம் முழங்க, பஞ்சகச்சமும் கண்மையும் ஓட்டக் காலணியுமாக அருண் குடை பிடித்துத் தோட்டத்துப் பாதையில் புறப்பட்டார். நான் பின்தொடர்ந்திருக்க வேண்டும். ஆனால் என் முன்னே ஓர் ஒலிவாங்கி இருந்தது.

வந்தவர்களில் பாதிப்பேர் மகளின் அமெரிக்க அலுவலகத் தோழர்கள். பொருள் விளங்காமல் அவர்கள் விழிக்கலாமா? முதலில் செந்தமிழில் விளக்கினேன். பின்னர் அதையே ஆங்கிலத்தில் விரித்தேன். துறவறத்தின் மேன்மையை நிறுவிவிட்டு, அதனினும் இல்லறம் எவ்வாறு மேம்பட்டது என்ற இடத்தை நெருங்கினேன். புரோகிதர் இருமினார். பாராட்டு என்று கொண்டேன். கமலா என் மேல்துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"என்னங்க, மாப்பிள்ளை எங்க?"

பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை பச்சை வரிசைகள். குடை இல்லை.

"போய்க்கிட்டேதான் இருந்தான்," என்றார் சம்பந்தி, தயங்கித் தயங்கி. "நீங்க போய்க் கூப்பிடுவீங்கன்னு நாங்க பாத்துக்கிட்டு இருந்தோம். நீங்க நல்லா பேசிக்கிட்டு இருந்தீங்க."

"பேஜ் பண்ணுங்க!" என்று யாரோ கத்தினார்கள். பண்ணினார்கள். மணமேடையில் வெற்றிலைத் தட்டுக்கு அருகே பீப் பீப் என்று ஒலித்தது. துறவி பேஜரையும் துறந்துவிட்டே போயிருந்தார்.

"சார், பன்னெண்டுக்குள்ள தாலி ஏறணும்," என்றார் புரோகிதர். "அதுக்கப்புறம் இன்னிக்கு முகூர்த்தமே கிடையாது."

கதவருகே மணக்கோலத்தில் மலர்விழி நின்றாள். கண்கள் நிறைந்திருந்தன. "நீங்க நடன்னு சொன்னா அவன் நடப்பான்ப்பா! சொன்னதைச் செய்யறவன்னுதானே நான் அவனைக் கட்டிக்கறேன்!"

இளைஞர்கள் ஓட முற்பட்டார்கள். நான் கைநீட்டித் தடுத்தேன். "நில்லுங்கள். பெண்ணின் தந்தைதான் அழைக்கவேண்டும். அதுவே மரபு." கையில் தேங்காயுடன், பட்டு வேட்டி சரசரக்கத் தனியே தோட்டத்துள் புகுந்தேன்.

திராட்சைத் தோட்டத்தை அதுவரை நான் நூல்களில் மட்டுமே கண்டவன். வரிசைதோறும் இடுப்பளவில் கம்பி கட்டியிருப்பார்கள் என்பதும், ஒரு வரிசையில் நுழைந்தவன் அதன் கோடி வரை நடந்தாலன்றி அடுத்த வரிசைக்கு மாற இயலாது என்பதும் எந்நூலிலும் இல்லை. "மாப்பிள்ளை!" என்று கூவினேன். பறவைகள் சில எழுந்து பறந்தன. பொறுமையிழந்து கம்பியின்கீழ் குனிந்து நுழைந்தேன். கம்பி வேட்டியைப் பிடித்துக்கொண்டது. நிலம் என்னைப் பிடித்துக்கொண்டது. தேங்காய் உருண்டு சரிவில் இறங்கி, மாப்பிள்ளையைத் தேடித் தானும் போய்விட்டது. எழுந்து பார்க்கையில் எத்திசையில் வந்தேன் என்பதே தெரியவில்லை.

வெயில் ஏறியது. நாக்கு வறண்டது. கொடியடியில் அமர்ந்தேன். தலைக்குமேல் பழங்கள். ஒன்றைப் பறித்து வாயிலிட்டேன். அப்படியொரு இனிப்பை நான் அறிந்ததில்லை. பிறகு குலையையே பறித்தேன். (கன்னிகாதானம் செய்பவன் நோன்பிருக்க வேண்டும் என்பது, குலை காலியான பிறகே நினைவுக்கு வந்தது.)

அங்கே அமர்ந்திருந்தபோதுதான் அச்சம் உண்மையாகவே பற்றியது. நல்ல நேரம் கரைந்துகொண்டிருக்கிறது. வாசலில் என் மகள் நிற்கிறாள். அவள் முகூர்த்தத்தைக் கெடுத்தது மதுவாலை அன்று, என் நாக்கு. அந்த எண்ணத்தில் கண் கலங்கிப்போனேன்.

தடதடவென்று ஓர் ஓசை. டிராக்டர் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் லிண்டா. பின்னாலிருந்த வண்டியில், காலிப் பழக்கூடைகளுக்கு நடுவே, குடை பிடித்து நின்றவர் அருண்.

"அங்கிள்! ஐ டிட்நாட் லுக் பேக். ஒரு தடவைகூட. வேலி வந்துடுச்சு, அங்கேயே நின்னேன். இவங்கதான் பாத்துக் கூட்டிட்டு வந்தாங்க. திரும்பி வந்தா, உங்களைக் காணோம்னாங்க."

இளைஞர்கள் தேடப் போவதாகச் சொல்லியும் கேளாமல், அவரே மீண்டும் வண்டியேறி வந்திருக்கிறார். இப்போதாவது, பல நாள் செதுக்கி வைத்திருந்த என் வேண்டுகோளுரையை நான் சொல்லியிருக்க வேண்டும். வாழ்க்கையில் முதன்முறையாக எனக்குச் சொல் வரவில்லை. அருண் குதித்திறங்கி என் தலைமேல் குடையைப் பிடித்தார், கையைப் பற்றினார்.

"மாமா," என்றார். அதுவரை அவர் என்னை அப்படி அழைத்ததில்லை. "காசிக்கு அப்புறம் போலாம். அங்க எல்லாரும் வெயிட் பண்றாங்க. வாங்க, ப்ளீஸ். மலரை நான் நல்லா பாத்துக்கறேன்."

நான் வேண்டவேண்டிய வேண்டுகோள் அது. ஒரு சொல்லும் மிகையில்லாமல் அவர் முடித்துவிட்டார்.

வண்டியில் ஏறிய என் முகத்தை லிண்டா சற்றே உற்றுநோக்கினார். இந்த ஆண்டு விளைச்சல் எப்படி, பேராசிரியரே என்று ஆங்கிலத்தில் வினவினார். மிக நன்று என்றேன். அப்போதுதான் டிராக்டரின் பின்புறம் காட்டும் கண்ணாடியில் என்னைக் கண்டேன். உதடு, பல், தாடை, பட்டு வேட்டி யாவும் கருநீலம்.

முற்றத்தில் கைதட்டல் எழுந்தது. மாமனார் துறவு பூணுவதும், மருமகன் அவரை மீட்டு வருவதும் தமிழர் மரபு என்று அமெரிக்க நண்பர்கள் எண்ணிக்கொண்டார்கள். (அவர்களுள் ஒருவர் அதைக் கண்டு அழுதாராம்.) பன்னிரண்டுக்குச் சற்று முன்பு தாலி ஏறியது. அன்றைய ஒளிப்படங்கள் அனைத்திலும், மதுவின் நிழலும் படாத அந்தக் கூட்டத்தில், கருநீல வாயுடன் ஆசி கூறுபவன் நான் ஒருவனே.

லிண்டா அம்மையாருக்கும் அவர் டிராக்டருக்கும் என் நன்றி என்றும் உண்டு. திருமண நாள்தோறும் 'பேராசிரியருக்கு' என்று எழுதி ஒரு கூடை பழம் மகள் வீட்டுக்கு அனுப்பிவந்தார், பழம் மட்டும். மருமகனுக்கான நன்றியைச் சொல்லத்தான் இன்னும் சொல் தேடிக்கொண்டிருக்கிறேன். அவரோ அன்றைய குடையைப் பத்திரமாக வைத்திருக்கிறார். குடும்ப விழாக்களில் நான் ஒலிவாங்கியைப் பிடித்துச் சிறிது நேரம் ஆனதும், கடைசி வரிசையில் அது மெல்ல விரியும். பேரப்பிள்ளைகள், "தாத்தா, காசி! காசி!" என்று கூவுவார்கள். நானும் எந்த வாக்கியத்தில் இருந்தாலும் முற்றுப்புள்ளி வைத்து இறங்கிவிடுவேன்.

இக்கட்டுரையைக்கூட இப்போது அவருக்குத்தான் உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். இல்லறத்தின் மேன்மை பற்றி அன்று விட்ட இடத்திலிருந்து ஒரு பத்தி எழுதலாம் என்றேன். மாப்பிள்ளை எழுந்து மூலையில் இருக்கும் குடையை எடுக்கிறார். வெளியே மழை இல்லை.