மே மாதத்தில் ஒரு கம்பளிக் கோட்டு

படித்தவர்களுக்கு வெயில் உறைக்காது என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். கோபாலபுரத்தில் எங்கள் இஸ்திரி வண்டிக்குத் துணி போடும் வீடுகளில், கத்திரி வெயிலிலும் கோட்டு போட்டுக்கொண்டு காரில் ஏறுவார்கள். காருக்குள் ஏசி இருக்கும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. (எம்.ஏ. முடித்த பிறகும் எட்டவில்லை என்பதுதான் விஷயம்.)

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முன்னால், இடைக்காலத்தில் பருவநிலை மாறியபோது ஜனங்கள் என்ன ஆனார்கள் என்று பிஎச்.டி. செய்யப்போகிறேன் என்றதும் மாமா குறுக்கே வந்தார். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் மாமாவுக்கு இரண்டு ஓட்டு.

"யக்கா, எப்பவோ மழை பேஞ்சா இன்னா, பேயாட்டி இன்னா? நனையறதுக்கு நாமளா இருந்தோம்? மாப்ள வூட்ல பதில் கேக்குறாங்கோ."

அம்மா இஸ்திரிப் பெட்டியில் கரியைக் கிளறினாள். "மைலாப்பூர்ல பேசப் போறாளாமே. இவ இன்னாதான் படிக்கிறான்னு ஒருவாட்டி கேட்டுட்டு சொல்றேன்."

ஆக, என் பேராசிரியை ஏற்பாடு செய்திருந்த அந்த நூலக மாடிப் பேச்சுதான் எனக்கு நுழைவுத்தேர்வு. தேர்வாளர், அம்மா.

அதற்கு நான் தேர்ந்தெடுத்த ஆயுதம் ஒரு கோட்டு. வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்த வாடிக்கை வீட்டம்மா ஒருவர், 'இனிமே இது எதுக்கு' என்று அம்மாவிடம் கொடுத்தது. பனிக்கென்றே தைத்த தடித்த கம்பளி. அன்று காலை அம்மா ஈரத்துணி போட்டு அதைத் தேய்த்துக் கொடுத்தாள். உள்ளே போடும் சட்டையை மட்டும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கி, காலரையும் நெஞ்சுப் பக்கத்தையும் தேய்த்து முடித்துக்கொண்டேன். மற்றதை யார் பார்க்கப்போகிறார்கள்? (இஸ்திரி போடும் வீட்டில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது.)

நூலகத்தில் ஏசி ரிப்பேர். மின்விசிறி உண்டு, கேட்பவர்கள் தலைக்கு மேல்.

முன்வரிசையில் அம்மா. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு மாமா. நான் ஆரம்பித்தேன். "வடதுருவத்துக்குப் பக்கத்தில் கிரீன்லாந்து என்று ஒரு பனித்தீவு. கொஞ்சம் கதகதப்பாக இருந்த காலத்தில், ஐரோப்பாவிலிருந்து சிலர் அங்கே குடியேறி மாடு வளர்த்தார்கள். பிறகு குளிர் ஏறியது. புல் குறைந்தது..."

எனக்கோ முதுகில் அடையாறு ஓடியது. கழற்று என்று அம்மா ஜாடை காட்டினாள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். கழற்றினால் கசங்கிய சட்டை தெரியும். இஸ்திரிக்காரி மகள் கசங்கிய சட்டையில், அதுவும் இஸ்திரிக்காரி எதிரிலேயே.

"அதே தீவில் சீல் என்ற கடல்நாயை வேட்டையாடி, அதன் தோலை உடுத்தி வாழ்ந்த மக்களும் இருந்தார்கள். குடியேறியவர்களும் சீல் கறி தின்னப் பழகினார்கள். ஆனால் மாட்டையும், சொந்த ஊர்ப் பாணியில் தைத்த கம்பளி உடுப்பையும் விடவில்லை..."

"அந்தக் கோட்ட கழட்டிட்டுதான் பேசேண்டி" என்றாள் அம்மா, சத்தமாகவே.

"பரவால்லம்மா" என்றேன், மைக்கில். கூட்டம் சிரித்தது. என் ரோஷம் இன்னும் ஒரு பொத்தானைப் பூட்டிக்கொண்டது.

"குளிர் மட்டுமே அவர்களை முடிக்கவில்லை என்கிறார்கள் சில அறிஞர்கள்" என்றேன் கம்பீரமாக. "காலம் மாறினாலும் நாங்கள் மாறமாட்டோம் என்ற வறட்டுக் கௌரவம்..."

அந்த வாக்கியம் இன்றுவரை முடியவில்லை. மைக்கைக் கட்டிப்பிடித்தபடி சரிந்தேனாம்.

விழித்தபோது தலை அம்மா மடியில் இருந்தது. பேராசிரியை சோடாவோடு நின்றார். மாமா என் கோட்டாலேயே எனக்கு விசிறிக்கொண்டிருந்தார், அதன் கனத்தில் அவருக்கே மூச்சு வாங்கியது. அம்மா என் சட்டையின் சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிப் பார்த்தாள்.

"இதுக்குத்தானா?"

"ம்."

"எங்கிட்ட குடுத்திருந்தா ரெண்டு இழுப்புடி."

"பாத்தியாக்கா? இதுக்குத்தான் படிப்பு போதும்ன்றேன்" என்றார் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டே.

"இர்றா." அம்மா என்னைப் பார்த்தாள். "மாடு வெச்சிக்கினு இருந்தவங்கோ இன்னா ஆனாங்கோ? பாதியில வுட்டுட்டியே."

"கொஞ்சம் பேர் அங்கயே செத்துருப்பாங்க. மத்தவங்க கெளம்பிப் போயிருக்கலாம். சரியா யாருக்கும் தெரியாதும்மா."

"தெரியாதா?" அம்மா மாமா பக்கம் திரும்பினாள். "அப்ப யாராச்சும் குந்திப் படிச்சாதான தெரியும்? மாப்ள வூட்ல சொல்லிடு. இவளுக்கு வேல கீது."

பிஎச்.டி. இப்போது முடியும் தறுவாயில் இருக்கிறது. எங்கள் வீட்டில் வீம்புக்குப் பெயரே கிரீன்லாந்து. கொட்டுகிற மழையில் ரெயின்கோட்டு வேண்டாம் என்று பைக்கை எடுக்கும் மாமாவை, "இன்னா நைனா, கிரீன்லாந்தா?" என்று அம்மா வாசலிலேயே மறிப்பாள். நான் எங்கே பேசப் போனாலும் சட்டை அவள் கையில்தான், உள்ளே செருகும் பகுதிகூட மொடமொடவென்று வரும்.

பட்டமளிப்பு விழாவில் மேலங்கி போட்டுக்கொள்ள வேண்டும் என்று போன வாரம் வீட்டில் சொன்னேன். அம்மா துணி எவ்வளவு தடிமன் என்று கேட்டாள். மாமா சோடாவுக்குச் சொல்லிவைக்கக் கிளம்பிவிட்டார்.